கம்பி எண்ணியவள்

கிட்டாரின் ஆறு கம்பிகளும் ஒரே சமயத்தில் ஒலிப்பதே இல்லை என்று சொன்னால் பலர் நம்புவதில்லை சார். கையை மேலிருந்து கீழே இழுக்கும்போது தடித்த கம்பி முதலில் பேசும், மெல்லிய கம்பி கடைசியில் பேசும். நடுவில் இருப்பவை தங்கள் முறை வரும்வரை வாயைத் திறக்காது. ஒரு நொடியை ஆயிரம் துண்டாக நறுக்கினால், ஒரு கம்பிக்கும் அடுத்ததற்கும் நடுவில் பத்துப் பதினைந்து துண்டு இருக்கும், அவ்வளவுதான். காதுக்கு எல்லாம் சேர்ந்து ஒன்றாக விழும். நான் வந்து உட்கார்ந்ததும் "என்ன பண்ணீங்க, சுருக்கமா சொல்லுங்க" என்றீர்கள். சுருக்கமாகச் சொன்னால் நான் ஒன்றுமே செய்யவில்லை. என் தம்பியின் வலது கை போனதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று தெரிய வேண்டுமானால், இந்தப் பத்துப் பதினைந்து துண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் தொழில் கம்ப்யூட்டரில் இசை கட்டுவது. விளம்பரங்களுக்கு, குறும்படங்களுக்கு, சொந்தமாகப் பாட்டுப் போட வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால் அவர்களுக்கு. வயலின் வேண்டுமா, முரசு வேண்டுமா, எல்லாவற்றையும் திரையில் கட்டம் கட்டமாக வரைந்துவிடுவேன். இதை மிடி என்பார்கள். மிடியில் ஒலி கிடையாது. எந்தச் சுரம், எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும், எவ்வளவு அழுத்தம் என்கிற உத்தரவு மட்டும்தான் அதில் இருக்கும். உத்தரவு கொடுத்தால் இயந்திரம் அப்படியே வாசிக்கும். எதிர்த்துப் பேசாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது. எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

கிட்டார் மட்டும் வழிக்கு வரவில்லை. நாலைந்து சுரங்கள் சேர்ந்து ஒலிப்பதைக் கார்டு என்போம். திரையில் ஒரு கார்டு வரைந்தால் எல்லாச் சுரங்களும் ஒரே கோட்டில் தொடங்கும். கேட்டால் யாரோ கதவை ஓங்கிச் சாத்தினது மாதிரி இருக்கும். ஆகவே ஒவ்வொரு சுரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்தேன். கீழ்நோக்கிய வீச்சில் தடித்த கம்பி முதலில், மேல்நோக்கிய வீச்சில் மெல்லியது முதலில். மேலே போகும்போது கை ஆறு கம்பியையும் தொடாது, மூன்று நான்கோடு திரும்பிவிடும். மீதிச் சுரங்களை அழித்தேன். பியானோக்காரர் பிடிக்கிற பிடியை மாற்றி, கிட்டார்க்காரரின் இடது கைக்கு எட்டுகிற பிடியாக்கினேன். ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குத் தாவ விரல்கள் எழும்போது சும்மா இருக்கும் கம்பிகள் லேசாக முனகும். அந்த முனகலைக்கூட விடவில்லை. இத்தனையும் செய்து ஒரு சோப்பு விளம்பரத்துக்குப் போட்டேன்.

விளம்பரக்காரர் எங்கள் நிரந்தர வாடிக்கையாளர். கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டேதான் பேசுவார். முழுதும் கேட்டுவிட்டுச் சாவியை நிறுத்தினார்.

"எல்லாம் இருக்கும்மா. ஆள்தான் இல்ல."

"என்ன ஆள் இல்ல சார்?"

"வாசிக்கற ஆள். யாருமே இல்லாத வீட்டுல ரேடியோ பாடற மாதிரி இருக்கு. எதுக்கு வம்பு, தம்பியக் கூப்பிடுங்களேன். அவருக்கு அஞ்சு நிமிஷ வேலை."

தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையைக் கழுவி, ஈரத்தைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு வந்தான். கிட்டாரை மடியில் வைத்து, என்ன பாட்டு என்றுகூடக் கேட்காமல், நான் தலையால் தண்ணீர் குடித்துக் கட்டியதை ஒரே தடவையில் வாசித்துவிட்டு, ஆறிப்போகும் என்று மறுபடியும் சாப்பாட்டுக்கே போய்விட்டான். விளம்பரக்காரர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். எனக்கு வயிறு எரிந்தது சார், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வயிறு எரிகிறவர்கள் எல்லாரும் தம்பி கையை முடக்கிவிடுவதில்லையே. அதனால் அதைக் காரணம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

அம்மா போனபோது அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. நான்தான் போட்டுவிடுவேன். குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கூடத்தில் விட்டு, திரும்ப அழைத்து வந்து, பொங்கிப் போட்டு ஆளாக்கினேன். கிட்டார் முதலில் என்னுடையது. நான் கற்றுக்கொள்ளப் போவேன், அவனைத் தனியாக விட முடியாது என்று கூடவே கூட்டிப்போவேன். ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பான். ஒருநாள் வாத்தியார் விளையாட்டாக அவன் கையில் கொடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீ வேணா தம்பிக்குத் துணையா வந்துட்டுப் போம்மா" என்றார். நானும் துணையாகத்தான் போய்வந்தேன். அதற்கெல்லாம் மனசில் வஞ்சம் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

வீட்டின் முன்னறையை ஸ்டுடியோவாக மாற்றினோம். சுவர் முழுக்கப் பழைய மெத்தைகள், ஜன்னலுக்குக் கனத்த திரை. மாடியில் தம்பியும் அவன் மனைவியும், கீழே நானும் என் இயந்திரங்களும். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வாய் கொஞ்சம் நீளம், மற்றபடி குறை சொல்ல முடியாது. அவள்தான் உங்களிடம் புகார் கொடுத்தவள் என்பதற்காக அவளைப் பற்றி நான் தப்பாகப் பேசமாட்டேன்.

ஆள் இல்லை என்று விளம்பரக்காரர் சொன்னது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஆளை எப்படி உள்ளே கொண்டுவருவது? இருக்கிற ஆளைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். சாதாரண மைக் ஆறு கம்பியையும் ஒன்றாகத்தான் கேட்கும். ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகக் கேட்கிற பிக்கப் ஒன்று உண்டு. விரல் அகலப் பட்டை, கிட்டாரின் வயிற்றில் ஒட்டிவிடலாம். அதை வாங்கித் தம்பியின் கிட்டாரில் மாட்டினேன். "உன் கையை மெஷினுக்குச் சொல்லிக்குடுக்கப் போறேன்டா" என்றேன். அவனுக்கு ஒரே சிரிப்பு. "சொல்லிக்குடு சொல்லிக்குடு. எனக்கு லீவு கிடைக்கும்" என்றான்.

அன்றிலிருந்து அவன் வாசித்ததெல்லாம் என் திரையில் ஆறு கோடாக வந்தது. உட்கார்ந்து அளந்தேன். அடேயப்பா, ஒழுங்கே கிடையாது. ஒரு வீச்சில் கம்பிகளுக்கு நடுவே பத்துத் துண்டு, அடுத்ததில் பதினாறு, அதற்கடுத்ததில் எட்டு. ஒரு கம்பியை உரக்கப் பேசவிடுகிறான், ஒன்றைத் தடவிவிட்டுப் போகிறான். அவ்வளவும் பிழை. ஆனால் அந்தப் பிழைகளை அப்படியே என் மிடியில் எடுத்து வைத்தால் இயந்திரம் மூச்சுவிட ஆரம்பித்தது. ஆள் என்பது வேறொன்றுமில்லை, அளவான தாமதம் என்று அப்போது எனக்கு விளங்கியது. அளவைக் கொஞ்சம் கூட்டினால் என்ன ஆகும் என்கிற எண்ணம் அப்போது எனக்கு வரவே இல்லை.

பாடகி வந்த பிறகுதான் வந்தது. உங்களுக்கும் அவரைத் தெரிந்திருக்கும், சுவரொட்டிகளில் பார்த்திருப்பீர்கள். தன் புது ஆல்பத்துக்கு எங்களிடம் வந்தார். தம்பி ஒரு பாட்டுக்கு வாசித்ததைக் கேட்டார். ஊர் ஊராக, நாடு நாடாக ஒரு வருஷம் கச்சேரி செய்யப் போகிறாராம். கூட வருகிறாயா என்று அவனைக் கேட்டார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சிரித்தேன். "என்னடா, கம்பி நீட்டப் பாக்கறியா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஒரு வருஷம்தானேக்கா. வந்துருவேன்."

"போயிட்டு வா. யாருக்குக் கிடைக்கும்?"

மனசாரத்தான் சொன்னேன். மனைவியையும் கூட்டிப் போகலாம் என்று பாடகி சொன்னாராம். அவள் கடையில் சொல்லிக்கொண்டு விலகத் தயாராகிவிட்டாள். இரண்டு பேரும் மாடியில் பெட்டி வாங்குவதைப் பற்றிப் பேசுவது படிக்கட்டில் நின்றால் கேட்கும். சிவப்பா, நீலமா என்று ஒரே சண்டை. வீட்டைப் பற்றி, ஸ்டுடியோவைப் பற்றி, கீழே ஒருத்தி இருப்பதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியூருக்கு அனுப்பும் முன் ஒரு பிள்ளையைத் தயார்படுத்துவது பெரியவர்கள் பொறுப்பு, அவ்வளவுதான் நினைத்தேன்.

கச்சேரிக் குழுவுக்கு அவன் சில பாட்டுகளை வாசித்து அனுப்ப வேண்டியிருந்தது. என் அறையில்தான் பதிவு. மைக்கை அணைத்துவிட்டேன், பிக்கப் போதும், சத்தம் சுத்தமாக இருக்கும் என்றேன். வாசித்து முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். ஆறு கோடும் திரையில் இருந்தன. கடைசி இரண்டு கம்பிகளை மட்டும் பிடித்துக் கொஞ்சம் தள்ளினேன். எல்லா இடத்திலும் இல்லை, அங்கே ஒன்று இங்கே ஒன்று. அழுத்தத்தையும் அந்த இடங்களில் குறைத்தேன். வீச்சு கடைசியில் மணிக்கட்டு சோர்ந்து தொங்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அவன் வந்ததும் போட்டுக் காட்டினேன்.

அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது பாட்டில் புருவம் சுருங்கியது.

"இழுக்குதேக்கா."

"எங்கடா?"

"கடைசிக் கம்பிங்க. உனக்குக் கேக்கல?"

"கேக்குது. சொன்னா வருத்தப்படுவியேன்னு சும்மா இருந்தேன். கொஞ்ச நாளாவே அப்படித்தான் இருக்கு."

மறுபடி வாசித்தான். மறுபடி அதே மாதிரி போட்டுக் காட்டினேன். "வாசிக்கும்போது சரியாத்தானே இருக்கு" என்றான். "உன் குரலே ரெக்கார்டிங்ல உனக்கு வேற மாதிரி கேக்குமே. உள்ள இருந்து கேக்கறது வேற, வெளிய இருந்து கேக்கறது வேற" என்றேன். அது பொய் இல்லை சார். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சின்ன வயசில் கீழே விழுந்தால் இப்படித்தான், முதலில் அடிபட்ட இடத்தைப் பார்ப்பான், பிறகு என்னைப் பார்ப்பான்.

எதுவரை தள்ளினால் அவன் கண்டுபிடிப்பான், எதுவரை நம்புவான் என்பதில் எனக்கு ஒரு பிடிப்பு வந்துவிட்டது. அதிகமாகத் தள்ளினால் கணினிக் கோளாறு மாதிரி தெரியும். குறைவாகத் தள்ளினால் அது நல்ல வாசிப்பாகவே இருந்துவிடும். இயந்திரத்தை ஆளாக்குவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டுமோ அதே பொறுமை இதற்கும் வேண்டியிருந்தது. ஒரு நாள் அதிகம், ஒரு நாள் கம்மி, நடுவில் ஒரு நாள் ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடுவேன். அன்றைக்கு அவன் குழந்தை மாதிரி சந்தோஷப்படுவான். மறுநாள் பழையபடி வைப்பேன். நோய் என்றால் ஏறி இறங்கத்தானே செய்யும்.

அவன் மனைவிக்கு ஒன்றும் தெரியவில்லை. "எனக்கு நல்லாத்தாங்க கேக்குது" என்று அவள் சொன்னால், "உனக்குத் தெரியாது, அக்காவோட காது வேற" என்பான். அந்த ஒரு வார்த்தைக்காக அவனை எத்தனை தடவை வேண்டுமானாலும் வளர்க்கலாம். நரம்பு டாக்டரிடம் போனார்கள். கையில் ஊசி குத்தி, மின்சாரம் விட்டுப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். ஒன்றும் இல்லை என்றதும் அவனுக்குப் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. பேர் இல்லாத வியாதிதானே மனுஷனை அதிகம் அரிக்கும்.

அதன் பிறகு பயிற்சி, பயிற்சி, பயிற்சி. காலையில் எழுந்ததும் கிட்டார். சாப்பிடும்போது இடது கையால் சாப்பாடு, வலது கை மேசை மேல் ஆடிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் தொடையில் தட்டுவான். குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே சுவரில் தட்டுவது கேட்கும். மணிக்கட்டில் ரப்பர் பட்டை கட்டி இழுத்தான், கம்பியை மீட்டுகிற வில்லையைக் கனமானதாக மாற்றி வாசித்தான், மெதுவாக, ஒவ்வொரு கம்பியாக, மணிக்கட்டைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே வாசித்தான். யோசிக்காமல் செய்துகொண்டிருந்த கை, யோசித்து யோசித்துச் செய்யத் தொடங்கியது. மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு காலையும் பார்த்துக்கொண்டே இறங்கிப் பாருங்கள், தடுக்கும்.

தம்பி பொண்டாட்டி கீழே வந்து என்னிடம் கெஞ்சினாள். "அக்கா, நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. கொஞ்ச நாள் கிட்டாரத் தொடாதேன்னு சொல்லுங்க. கண்ணு குழி விழுந்துபோச்சு, தூங்கறதே இல்ல." நான் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். "ஆம்பளப் பிள்ளை, ஏதோ போராடறான். நாம குறுக்க நிக்கக் கூடாதும்மா. பண்ணட்டும் விடு" என்றேன். அவள் காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு ஒருநாள் நான் எதையும் தள்ள வேண்டியிருக்கவில்லை. பதிவு செய்துகொண்டிருக்கும்போதே அவன் கையிலிருந்த வில்லை நழுவி விழுந்தது. எடுத்தான், மறுபடி விழுந்தது. நடுவிரலும் மோதிர விரலும் உள்பக்கமாக மடிந்து உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டன. இடது கையால் பிரித்துவிட்டான். பிரித்ததும் திரும்ப மடிந்தன. என் திரையில் ஆறு கோடுகள் வந்துகொண்டிருந்தன. நான் பல வாரமாகக் கையால் செய்துகொண்டிருந்த அதே தாமதம், அதே இடத்தில், தானாக வந்து நின்றது. எனக்கு ஒரு மாதிரி பக்தி வந்துவிட்டது சார். நான் சொன்னதில் பொய் என்ன இருக்கிறது? கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

வேறொரு நரம்பு மருத்துவர் அதற்கு ஒரு பேர் சொன்னார். நரம்பில் கோளாறு இல்லையாம், எலும்பில் இல்லையாம். மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வரைபடம் இருக்கிறதாம். பயந்து பயந்து ஒரே அசைவை ஆயிரம் தடவை செய்தால் வரைபடத்தில் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுமாம். அறுத்துச் சரிசெய்ய முடியாது. ஓய்வு வேண்டும், கையைப் புதிதாகப் பழக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் கையில் ஆதியில் கோளாறே இல்லை என்கிற நம்பிக்கை அவனுக்கு வர வேண்டும் என்றார். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

கச்சேரிக்கு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். வாங்கின பெட்டி பரணுக்குப் போய்விட்டது. கடைசியில் நீலம்தான் வாங்கியிருந்தார்கள். இப்போது அவனால் ஸ்பூனைப் பிடிக்க முடியாது, கையெழுத்துப் போட முடியாது. சட்டைப் பொத்தானை அவன் மனைவிதான் போட்டுவிடுகிறாள். நான் போட்டுவிடுகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அவள் விடுவதில்லை.

பாடகியின் ஆல்பம் பாதியில் நின்றது. நான் முடித்துக் கொடுத்தேன். என்னிடம்தான் தம்பியின் கை முழுசாக இருந்ததே. எந்த வேகத்தில் எவ்வளவு சாய்வான், எந்தக் கார்டுக்கு முன்னால் அரை மூச்சு நிற்பான், எல்லாம் மிடியில் ஏறியிருந்தது. மீதிப் பாட்டுகளில் ஒன்றில்கூட அவன் விரல் படவில்லை. பாடகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கை போறதுக்கு முன்னாடி வாசிச்சதா? தெய்வமே" என்றார். விளம்பரக்காரரும் கேட்டார். சாவி சுற்றுவது நின்றது. "இப்ப ஆள் இருக்காரும்மா" என்றார். நான் வாழ்க்கையில் அழுதது குறைவு, அன்றைக்கு அழுதேன்.

இனி நீங்கள் எதிர்பார்க்கிற இடத்துக்கு வருகிறேன். நானும் மனுஷிதானே, ஒரு தப்பு செய்துவிட்டேன். முன்பு பதிவு செய்ததில் ஒரு பாட்டில், ஒரே ஒரு வீச்சில், ஒரு கம்பியை அவசரத்தில் கூடுதலாக இழுத்துவிட்டேன். வழக்கமாகத் தள்ளுகிற கடைசி இரண்டில் ஒன்றுகூட இல்லை, மேலிருந்து எண்ணினால் நாலாவது கம்பி. அதை ஐந்தாவதையும் தாண்டித் தள்ளிவிட்டேன். தம்பி, தன் கை எப்போது கெட ஆரம்பித்தது என்று தெரிந்துகொள்ள, பழைய பதிவுகளை மாடியில் உட்கார்ந்து வேகத்தைக் குறைத்துக் குறைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். மத்தியானம், நான் சாப்பிட்டுவிட்டு வேலையில் உட்கார்ந்த நேரம், இறங்கி வந்தான். வந்தவன் உட்காரவில்லை.

"அக்கா, அஞ்சாவது கம்பி முன்னாடி ஒலிக்குது. நாலாவது பின்னாடி ஒலிக்குது."

"அதான் கை சரியில்லையேடா."

"கை தப்பலாம்க்கா. வரிசை தப்பாது. மேல இருந்து கீழ வர்ற கை நாலைத் தாண்டாம எப்படி அஞ்சுக்குப் போகும்?"

அவன் கத்துவான் என்று நினைத்தேன். அவன் கத்தவில்லை சார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது. அவ்வளவு நாளில் அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. மடிந்த கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "அப்ப மெஷின்தான் ஏதோ பண்ணியிருக்கா? அப்ப என் கை நல்லாத்தான் இருந்துச்சாக்கா?" என்று கேட்டான்.

இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டாக்டர் கேட்ட மருந்து அது ஒன்றுதான், அது என் வாயில்தான் இருந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் பேசினேன். அவனை உட்கார வைத்தேன். தலையைத் தடவிக் கொடுத்தேன். "அந்த ஒரு இடத்துல உன் வாசிப்பு ரொம்ப மோசமா இருந்துச்சுடா. குழுக்காரங்க கேட்டுச் சிரிக்கக் கூடாதுன்னு நான்தான் சரிபண்ணப் பார்த்தேன். அவசரத்துல வரிசை மாறிப்போச்சு. உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு இருந்தேன்" என்றேன். அவன், "நீ எவ்வளவு மறைச்சிருக்கக்கா எனக்காக" என்று சொல்லி, நல்ல கையால் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவன் அதோடு விட்டான், அவன் சொல்லக் கேட்ட மனைவி விடவில்லை. ஒன்றில் கை வைத்தவள் மற்றதில் வைக்கமாட்டாளா என்று அவளுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. நான் விளம்பரக்காரரைப் பார்க்கப் போயிருந்த சமயம் கம்ப்யூட்டரைத் திறந்து எல்லாவற்றையும் பிரதி எடுத்திருக்கிறாள். தள்ளுவதற்கு முந்தைய அசல் வாசிப்புகளும் அதில் இருந்தன. ஏன் அழிக்கவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். அவ்வளவு அழகான வாசிப்பை யாருக்கு சார் அழிக்க மனசு வரும்?

அதை எடுத்துப்போய் அவனுக்குப் போட்டுக் காட்டினாளாம். "பாருங்க, இதான் உங்க கை, உங்களுக்கு ஒண்ணுமே இல்ல" என்றாளாம். அவன் கண்ணை மூடி முழுக்கக் கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு, "இது நான் இல்ல. நான் எங்க இவ்வளவு நல்லா வாசிச்சேன்? இது அக்கா செஞ்ச மெஷின்" என்றானாம். அவள் எவ்வளவோ மன்றாடியும் நம்பவில்லையாம். நீங்கள் இதைச் சொன்னபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், வெட்கப்படுகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவன் தன் கையையே கேட்டு என் வேலை என்று சொல்லிவிட்டான். வாத்தியாரின் வாயால்கூட எனக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

ஆக, செய்தது நான்தான். தள்ளினது நான், பயப்படுத்தினது நான், மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் விட்டதும் நான். எந்தச் சட்டத்தில் இதை எழுதுவது என்று நீங்கள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள், பாவமாக இருக்கிறது. அவன் கையை நான் தொடக்கூட இல்லையே.

என் வாயாலேயே சொன்னால்தான் அவன் நம்புவான், நம்பினால் கை திரும்பவும் வழி இருக்கிறது என்று அந்த மருத்துவர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். அதனால்தான் நான் பேசுவதை எல்லாம் பதிவு செய்து அவனுக்குப் போட்டுக் காட்டப் போகிறீர்கள். நல்லது, நான் தடுக்கமாட்டேன். ஒரே ஒரு உதவி கேட்கிறேன். அவனுக்குக் கொடுக்கும் முன்னால் அதைக் கொஞ்ச நேரம் என்னிடம் கொடுங்கள். நான் பொறாமைப்பட்டது, வயிறு எரிந்தது எல்லாம் இருக்கட்டும், கேட்டுக்கொள்ளட்டும், காறித் துப்பட்டும். அவன் கை நன்றாகத்தான் இருந்தது என்று வருகிற இடங்களை மட்டும் எடுத்துவிடுகிறேன். வெட்டின இடம் யாருக்கும் தெரியாது, அதற்கு நான் உத்தரவாதம். பிறகு கை திரும்பவில்லை என்றால் வீணாக நம்பி ஏமாந்துபோவான். அவனை யாராவது ஏமாற்றினால் எனக்குப் பொறுக்காது சார்.